சாரல் காலத்துக் காளான்: முதலில் வீட்டில் வளர்ப்பது, அப்புறம் புற்றடியில் தேடுவது

சாரல் தொடங்கியதும் செங்கோட்டை, புளியரை, பண்பொழி பக்கமும், கணவாய் தாண்டி ஆரியங்காவு, தென்மலை பக்கமும் காளான் பேச்சு தொடங்கிவிடும். அந்த ஆசையில் பழக்கமே இல்லாமல் நேரே தோப்புக்குள் இறங்குகிறவர்கள் உண்டு. வித்துப் பாக்கெட்டை வாங்கிவந்த பிறகு வைக்கோலுக்கு அலைகிறவர்களும் உண்டு. இரண்டு பேரிடமும் ஆர்வம் குறைவில்லை. வேலையின் வரிசைதான் பிசகுகிறது.

நான் சொல்லிக்கொடுக்கும் வரிசை இது. முதலில் வீட்டில் சிப்பிக்காளான் வளருங்கள். ஓரிரு பருவம் அதைக் கையில் வைத்துப் பழகிய பிறகு, நன்றாகத் தெரிந்த ஒருவரோடு, கறையான் புற்றடியில் தானாக முளைக்கும் புற்றுக்காளான் தேடப் போங்கள். வளர்க்கிறவர் ஒரு காளானை மொட்டு முதல் அழுகல் வரை தினமும் பார்க்கிறார். குடை எப்படி விரியும், குடைக்கு அடியில் மெல்லிய தகடு தகடாக இருக்கும் செவுள் எந்த நிறத்தில் இருக்கும், அடிக்காம்பு எப்படி முடியும் என்று கண் பழகுகிறது. அந்தப் பழக்கம் இல்லாதவருக்குத் தோப்பில் வெள்ளைக் குடை எல்லாம் ஒன்றுபோலத் தெரியும். உயிர் போவது அங்கேதான்.

1. காலம்

சிப்பிக்காளானுக்கு 20 முதல் 30 டிகிரி வெப்பமும் 80 சதவீதத்துக்கு மேல் ஈரப்பதமும் வேண்டும். நம் பக்கத்தில் ஆனி, ஆடி, ஆவணி மூன்றும் இதற்குத் தோதான மாதங்கள். ஐப்பசியில் இருந்து தை வரையும் நன்றாக வரும். முதல் முறை போடுகிறவர் இந்த மாதங்களில்தான் தொடங்க வேண்டும். பங்குனி, சித்திரையில் தொடங்கினால் வெப்பத்தோடு போராடியே நாள் போகும், எது சரி எது தப்பு என்று கற்றுக்கொள்ளவே முடியாது.

வெயில் காலத்துக்குப் பால்காளான் இருக்கிறது. அது 30 முதல் 35 டிகிரியிலும் வரும். ஆனால் அதற்குப் படுக்கையின், அதாவது வைக்கோலும் வித்தும் நிரப்பிய பையின் மேல் வேகவைத்த மண் போட்டு மூட வேண்டும், ஒரு வேலை கூடுதல். சிப்பிக்காளான் கைவந்த பிறகு அதைப் பார்க்கலாம்.

2. இடம்

தனி அறை இருந்தால் நல்லது. இல்லையென்றால் மாடிப்படிக்கு அடியில் இருக்கும் இடம், பின்கட்டு, ஓலை வேய்ந்த சாய்ப்பு எதுவும் போதும். நேர் வெயில் படக்கூடாது. தரை கழுவிவிடக் கூடியதாக இருக்க வேண்டும். ஜன்னலுக்கு நெருக்கமான கண்ணுள்ள நைலான் வலை அடியுங்கள். சாதாரணக் கொசுவலையின் கண் வழியாகக் காளான் ஈ புகுந்துவிடும்.

செங்கோட்டைப் பக்கத்தில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. சாரலோடு கணவாய்க் காற்றும் பலமாக அடிக்கும். வெளியே ஈரம் இருக்கிறதே, உள்ளே வரட்டும் என்று மேற்கு ஜன்னலைத் திறந்து வைப்பார்கள். வருவது ஈரத்தைவிடக் காற்றுதான். அது படுக்கையின் மேற்பரப்பை ஒரே நாளில் உலர்த்திவிடும், மொட்டெல்லாம் பழுப்பாகிச் சுருங்கும். மேற்கு ஜன்னலுக்கு ஈரச்சாக்கைத் தொங்கவிட்டு, எதிர்ப்பக்கம் கொஞ்சமாகத் திறந்துவிடுங்கள். மாட்டுத் தொழுவம், நெல் மூட்டை, பழைய வைக்கோல் போர் இவற்றின் பக்கத்தில் காளான் அறை வேண்டாம். பச்சைப் பூசணமும் பூச்சியும் அங்கிருந்துதான் வரும்.

3. வைக்கோல் முதலில், வித்து கடைசியில்

புதிதாகத் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் முதல் நாளே வித்தைக் கையில் வைத்திருப்பார்கள். வித்து என்பது சோள மணிகளில் காளானின் வெள்ளை இழையைப் படரவிட்டது, உயிருள்ள பொருள். நாளாக ஆக வலு குறையும். வைக்கோல் காய்ந்த பொருள், காத்திருக்கும். ஆகவே இடம், வைக்கோல், அண்டா, பை எல்லாம் தயாரான பிறகுதான் வித்துக்குச் சொல்ல வேண்டும்.

வைக்கோல் அந்தப் போகத்தில் அறுத்ததாக, தங்க நிறத்தில், மொடமொடவென்று இருக்கட்டும். மழையில் நனைந்து காய்ந்தது ஆகாது. வெளியே மஞ்சளாகத் தெரிந்தாலும் உள்ளே வேறு பூஞ்சணம் ஏற்கெனவே குடியேறியிருக்கும், நீங்கள் போடும் வித்து அதோடு போட்டிபோட வேண்டிவரும். கட்டைப் பிரித்து நடுவில் முகர்ந்து பாருங்கள். மக்கிய வாடை வந்தால் மாட்டுக்குக்கூட யோசித்துத்தான் போடவேண்டும், காளானுக்கு வேண்டவே வேண்டாம். இயந்திரம் அறுத்து உருளையாகக் கட்டிய வைக்கோலில் இந்தச் சோதனையைக் கட்டாயம் செய்யுங்கள், ஈரத்தோடே இறுக்கிக் கட்டியிருப்பார்கள்.

புனலூர் பக்கம் இருப்பவர்களுக்கு வைக்கோலைவிட ரப்பர் மரத்தூள் எளிதாகக் கிடைக்கும். அதைக் குச்சிக் குச்சியாக அழுத்திய பெல்லட்டாகவும் விற்கிறார்கள். பெல்லட்டில் கொதிநீர் ஊற்றினால் உப்பித் தூளாகும், வெட்டுகிற வேலை இல்லை. கேரளத்தில் பலர் அதற்கு மாறிவிட்டார்கள். ஆனாலும் முதல் முறைக்கு நான் வைக்கோலையே சொல்வேன். ஈரம் கூடினதா குறைந்ததா என்று கையாலேயே தெரியும், தப்பு நடந்தால் கண்ணுக்கும் தெரியும்.

மற்றவை: 60 சென்டிமீட்டர் நீளமும் 30 சென்டிமீட்டர் அகலமும் உள்ள, இரு பக்கமும் திறந்த மெல்லிய பாலித்தீன் பை, சணல், பெரிய அண்டா, நைலான் சாக்கு, கைத்தெளிப்பான், டெட்டால் அல்லது ஸ்பிரிட், ஒரு வெப்பமானி.

4. வித்து வாங்குதல்

வித்தும் பயிற்சியும் கோவை தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் கிடைக்கும். உங்கள் மாவட்ட வேளாண் அறிவியல் நிலையத்திலும் விசாரியுங்கள். கேரளப் பக்கத்தில் இருப்பவர்கள் வெள்ளாயணி வேளாண் கல்லூரியில் கேட்கலாம். தனியாரிடம் வாங்கினால் வித்து தயாரித்த தேதியைக் கேளுங்கள்.

நல்ல வித்தில் சோள மணிகள் மேல் வெள்ளை இழை பஞ்சாகப் படர்ந்திருக்கும். தட்டினால் மணி உதிரும். பாக்கெட்டுக்குள் பச்சை, கறுப்பு, ஆரஞ்சு என்று ஒரு புள்ளி தெரிந்தாலும் வாங்காதீர்கள். புளித்த நாற்றம், அடியில் மஞ்சள் நீர் தேங்கியிருப்பது, இழை தடித்துத் தோல் போலாவது எல்லாம் பழசு அல்லது கெட்டது என்பதற்கு அடையாளம்.

முதல் முறைக்கு வெள்ளைச் சிப்பி, அதாவது ஃப்ளோரிடா ரகம் போதும். இளஞ்சிவப்புச் சிப்பி வெப்பம் தாங்கும், சீக்கிரமும் வரும். ஆனால் பறித்த அன்றே வாடத் தொடங்கும்.

பேருந்தில் கொண்டுவரும்போது என்ஜின் பக்கம் வைக்காதீர்கள். வெயிலில் நிறுத்திய காருக்குள் விட்டுப் போகாதீர்கள். வித்து வெந்துபோனால் வெளியே ஒன்றும் தெரியாது, படுக்கையில் போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் தெரியும்.

5. ஊறவைத்து வேகவைத்தல்

வைக்கோலை மூன்று முதல் ஐந்து சென்டிமீட்டர் துண்டாக வெட்டுங்கள். நீளமாக இருந்தால் பையில் இறுக்கமாக அமராது. இடையே காற்றுப்பை விழுந்து, இழை தாண்டிப் போக முடியாமல் நின்றுவிடும்.

வெட்டியதைச் சாக்கில் கட்டி நல்ல தண்ணீரில் நான்கைந்து மணி நேரம் முழுக்க ஊறவையுங்கள். மிதக்காமல் மேலே கல் வையுங்கள். அப்புறம் அண்டாவில் தண்ணீர் கொதித்த பிறகு சாக்கோடு இறக்கி, ஒரு மணி நேரம் வேகவிடுங்கள். கொதி வந்த நேரத்தில் இருந்துதான் கணக்கு, அடுப்பு பற்றவைத்த நேரத்தில் இருந்து இல்லை. வைக்கோலில் உள்ள மற்ற பூஞ்சணங்களை ஒடுக்குவதற்குத்தான் இது. அவை எழுவதற்குள் நம் வித்து இடத்தைப் பிடித்துவிட வேண்டும்.

பெரிய பண்ணைகளில் கார்பென்டாசிம் என்ற பூஞ்சணக்கொல்லியும் ஃபார்மலினும் கரைத்த நீரில் ஊறவைக்கும் முறையும் உண்டு. வீட்டுக்குள், குழந்தைகள் நடமாடும் இடத்தில் ஃபார்மலின் ஆவி வேண்டாம். நாலைந்து படுக்கைக்கு ஓர் அண்டா கொதிநீர் போதும்.

வெந்ததை எடுத்து வடியவிட்டு, டெட்டால் துடைத்த பாலித்தீன் விரிப்பில் நிழலில் பரப்புங்கள். ஈரம் சரிதானா என்று பார்க்க ஒரு கைப்பிடி எடுத்து முழு பலத்தோடு பிழியுங்கள். உள்ளங்கை ஈரமாக வேண்டும், விரலிடுக்கில் சொட்டு விழக்கூடாது. சொட்டு விழுந்தால் இன்னும் கொஞ்சம் உலரட்டும். இந்த ஒரு சோதனையில் அவசரப்பட்டவர்களின் படுக்கைதான் அதிகம் அழுகுகிறது. ஈரம் கூடினால் பையின் அடியில் நீர் தேங்கி, அங்கே காற்றுப் புகாமல் புளித்து நாறும்.

நன்றாக ஆறியதும் அன்றைக்கே படுக்கை போட்டுவிடுங்கள். வேகவைத்த வைக்கோலை மறுநாளுக்கு வைத்திருந்தால் வேகவைத்ததே வீண், ராத்திரியோடு பூசணம் திரும்ப வந்துவிடும்.

6. படுக்கை போடுதல்

மின்விசிறியை நிறுத்துங்கள். கையை முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவி, ஸ்பிரிட் தடவுங்கள். வித்துப் பாக்கெட்டின் வெளிப்புறத்தையும் துடையுங்கள். பையின் நடுப்பகுதியில் இரு பக்கமும் ஒரு சென்டிமீட்டர் அளவில் ஒவ்வொரு துளை போடுங்கள். இழைக்கும் மூச்சு வேண்டும்.

பையின் அடியைச் சணலால் கட்டி உள்பக்கமாகத் திருப்பினால் அடி தட்டையாக உட்காரும். ஐந்து சென்டிமீட்டர் உயரத்துக்கு வைக்கோல் போட்டு, உதிர்த்த வித்தில் 25 கிராம் அளவுக்கு, பெரும்பாலும் ஓரங்களில் படும்படி தூவுங்கள். ஓரத்தில் போட்டால் இழை வெளிப்பக்கத்தை முதலில் மூடும். மாசு நுழைவது வெளியில் இருந்துதானே. இப்படியே வைக்கோல், வித்து என்று மாறி மாறி நான்கைந்து அடுக்கு போட்டு, மேலே வைக்கோலால் மூடி இறுக்கிக் கட்டுங்கள். 300 கிராம் வித்து இரண்டு படுக்கைக்குத் தாராளமாகப் போதும்.

ஒவ்வொரு அடுக்கையும் உள்ளங்கையால் அழுத்திவிடுங்கள். கட்டி முடித்த பையைத் தூக்கினால் நடுவில் மடங்கக் கூடாது. பையின் மேல் தேதியை எழுதுங்கள். எழுதாதவர்கள் பத்தாம் நாளில் இருந்து ஊகத்தில்தான் ஓட்டுகிறார்கள்.

7. இழை பரவும் நாட்கள்

இருட்டான இடத்தில், 25 முதல் 30 டிகிரியில், 15 முதல் 20 நாள் வைக்க வேண்டும். கயிற்றில் தொங்கவிடலாம், பலகையில் அடுக்கலாம். ஒன்றின் மேல் ஒன்று போடாதீர்கள். இழை வளரும்போது படுக்கைக்குள் சூடு உண்டாகும், நெருக்கினால் அந்தச் சூடே இழையைக் கொன்றுவிடும்.

இந்த நாட்களில் செய்ய வேண்டியது எதுவும் இல்லை. அதுதான் பலருக்கும் கஷ்டமாக இருக்கிறது. “அண்ணாச்சி, பை காயுற மாதிரி இருக்கே, கொஞ்சம் தண்ணி தெளிக்கட்டுமா?” என்று மூன்றாம் நாளே கேட்பார்கள். தெளிக்கக் கூடாது. வேண்டிய ஈரம் வைக்கோலுக்குள்ளேயே இருக்கிறது. பையைத் திறந்து பார்ப்பதும் கூடாது. இரண்டு நாளைக்கு ஒருமுறை டார்ச் அடித்து வெளியில் இருந்து பாருங்கள், அது போதும்.

வித்து விழுந்த இடங்களில் இருந்து வெள்ளை வட்டங்கள் பெரிதாகி ஒன்றோடொன்று சேரும். ஒரு வாரமாகியும் வெள்ளையே தெரியவில்லை என்றால் வித்து செத்தது, அல்லது வைக்கோல் ஆறாமல் போட்டிருக்கிறீர்கள். பச்சைத் திட்டு தெரிந்தால் அந்தப் பையை உடனே வெளியேற்றுங்கள். அறைக்குள் பிரிக்காதீர்கள்.

8. திறப்பு, தண்ணீர், காற்று

பை முழுக்க வெள்ளையான பிறகு பிளேடால் கிழித்துப் பாலித்தீனை எடுத்துவிடலாம், அல்லது ஆங்காங்கே கீறிவிடலாம். காற்று அதிகமுள்ள நம் பக்கத்துக்குக் கீறுவதே நல்லது, ஈரம் நிற்கும். முக்கால்வாசி வெளுத்ததுமே அவசரப்பட்டுக் கிழித்தால், வெளுக்காத இடத்தில் பூசணம் உட்காரும்.

இப்போது மூன்று விஷயங்கள் மாறவேண்டும். வெளிச்சம் வேண்டும், உள்ளே உட்கார்ந்து செய்தித்தாள் படிக்கிற அளவுக்கு. காற்றோட்டம் வேண்டும். ஈரம் வேண்டும். சுவரிலும் தரையிலும் காலை மாலை தண்ணீர் தெளித்து, படுக்கைமேல் பனிபோல லேசாகத் தெளியுங்கள். மொட்டுமேல் குழாயைத் திருப்பினால் மொட்டு அழுகும்.

மூன்று நான்கு நாளில் ஊசிமுனை அளவில் மொட்டுக் கூட்டம் வரும். அது வளர்கிற விதத்தைப் பார்த்தே அறையைச் சரிசெய்யலாம். காம்பு நீண்டு, குடை சிறுத்துப் போனால் அறையில் கரிமில வாயு தேங்கியிருக்கிறது, காற்றைத் திறந்துவிடுங்கள். வெளிச்சம் போதாவிட்டாலும் இதே மாதிரி நீளும். குடையின் ஓரம் வெடித்துக் காய்ந்தால் ஈரம் குறைவு. மஞ்சளாகி வழவழத்தால் தண்ணீர் அதிகம்.

9. பறித்தல்

மொட்டு வந்து மூன்று நாளில் பறிக்கலாம். குடையின் ஓரம் கீழ்நோக்கி வளைந்திருக்கும்போதே பறிக்க வேண்டும். ஓரம் மேல்நோக்கித் திரும்பிவிட்டால் காளான் ருசி குறைந்து நார்த்தன்மை வரும், கூடவே கண்ணுக்குத் தெரியாத வித்துத்தூளைக் கொட்டத் தொடங்கும். மூடிய அறையில் அந்தத் தூளைச் சுவாசித்தால் சிலருக்கு இருமல், மூச்சுத்திணறல், காய்ச்சல் வருகிறது. ஆஸ்துமா உள்ளவர்கள் பறிப்பு வேலைக்குப் போகவேண்டாம். மற்றவர்களும் முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள்.

கொத்தின் அடியைப் பிடித்துத் திருகி எடுங்கள். கத்தியால் வெட்டினால் அடிக்கட்டை மிஞ்சி அழுகும். பறிப்பதற்குச் சில மணி நேரம் முன்பிருந்தே தண்ணீர் தெளிக்காதீர்கள், நனைந்த காளான் நிற்காது.

பறித்த இடத்தை லேசாகச் சுரண்டிவிட்டுத் தண்ணீர் தெளித்து வந்தால் ஒரு வாரத்தில் அடுத்த பறிப்பு, அதற்கடுத்து மூன்றாவது. எல்லாம் நன்றாக அமைந்தால் அரைக்கிலோ காய்ந்த வைக்கோலுக்கு மொத்தம் அரைக்கிலோ காளான் வரும். முதல் முறை அதில் பாதி வந்தாலும் நல்ல தொடக்கம்தான். மூன்றாவதோடு நிறுத்துங்கள். அதற்குமேல் வைத்திருந்தால் ஈயும் பூசணமும்தான் விளையும். மிஞ்சிய வைக்கோல் மக்கியதும் வாழைக்கும் தென்னைக்கும் நல்ல உரம்.

படுக்கையில் நாம் போடாத காளானும் சிலநேரம் வரும். மெல்லிய காம்பும் மணி மாதிரிக் குடையும் வைத்து, ஒரே நாளில் கறுத்து மையாகக் கரைவது அதில் ஒன்று. விதைத்தது தவிர வேறு எது முளைத்தாலும் சாப்பிடாதீர்கள், பிடுங்கி எறியுங்கள்.

10. தூள் பதிவு எடுத்துப் பழகுங்கள்

வளர்ப்பதில் இருந்து தேடுவதற்குப் போகும் பாலம் இந்த வேலைதான், இதைத் தாண்டிப் போகாதீர்கள். விரிந்த ஒரு காளானின் காம்பை நறுக்கிவிட்டு, பாதி வெள்ளையும் பாதி கறுப்புமான காகிதத்தில் செவுள் கீழ்ப்பக்கமாக வையுங்கள். மேலே ஒரு தம்ளரைக் கவிழ்த்து ராத்திரி முழுக்க விடுங்கள். காலையில் செவுளின் அமைப்பிலேயே தூள் படிந்திருக்கும். வெள்ளைத் தூள் வெள்ளைக் காகிதத்தில் தெரியாது, அதற்காகத்தான் கறுப்புப் பாதி.

உங்கள் வெள்ளைச் சிப்பிக்கு வெள்ளையாக விழும். வீட்டுக் காளானில் சில தடவை எடுத்துப் பழகினால் கை படியும். தோப்பில் எடுத்ததைச் சோதிக்கும்போது இந்தத் தூளின் நிறம் முக்கியமான சாட்சி. குடையின் நிறம் மழையில் வெளுக்கும், வயதில் மாறும். தூளின் நிறம் அப்படி ஏமாற்றாது. அதற்காக இது ஒன்றை மட்டும் வைத்து முடிவு செய்துவிடவும் கூடாது.

11. தேடப் போகுமுன்

தெரிந்தவர் ஒருவர் கூட வர வேண்டும். தெரிந்தவர் என்றால், அதே பகுதியில் அதே காளானை வருஷாவருஷம் எடுத்துச் சாப்பிட்டு வருகிறவர். போனில் படம் அனுப்பிக் கேட்பதும், செயலியில் படம் போட்டுப் பார்ப்பதும் இதற்கு ஈடாகாது. படத்தில் அடிக்காம்பு தெரியாது, வாசனையும் தூளும் தெரியாது. நான் எழுதியிருப்பதும் அப்படித்தான். இதைப் படித்துவிட்டுத் தனியாகப் போய்ப் பறித்துச் சாப்பிடாதீர்கள்.

காப்புக்காடும் சரணாலயமும் வேண்டாம். ஆரியங்காவு, தென்மலைக்கு ஒட்டியே செந்துருணி வனவிலங்குச் சரணாலயம் இருக்கிறது. எல்லைக்கு இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ, அனுமதி இல்லாமல் உள்ளே போய் எடுப்பது குற்றம். சொந்தத் தோப்பு, தெரிந்தவர் தோப்பு, வரப்போரம் இவையே போதும்.

ரப்பர்த் தோட்டத்தில் ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள். இலை உதிர்வு நோய்க்காக மழைக்கு முன்பு தாமிர மருந்து தெளிக்கும் வழக்கம் உண்டு. காளான் மண்ணில் உள்ள உலோகங்களை உறிஞ்சிச் சேர்க்கும் குணம் உள்ளது. மருந்தடித்த தோட்டம், சாலையோரம், குப்பைமேடு எதிலும் எடுக்கவேண்டாம்.

கூடை கொண்டு போங்கள், பாலித்தீன் பையில் காளான் புழுங்கி நசுங்கும். கூடவே கத்தி, ஒரு கொத்துக் கரண்டி, காகித உறைகள். பாம்புக்கும் புற்று பிடித்த இடம்தான், கணுக்கால் மூடிய செருப்பும் ஒரு கம்பும் வேண்டும்.

12. புற்றடியில்

முதல் வருஷத்துக்கு ஒரே ஒரு இலக்கு வையுங்கள்: புற்றுக்காளான். கறையான் தன் புற்றுக்குள் தேன்கூடு மாதிரி ஒரு பூஞ்சணத் தோட்டம் வளர்க்கிறது. நல்ல மழைக்குப் பிறகு அந்தத் தோட்டத்தில் இருந்துதான் இந்தக் காளான் மண்ணைத் துளைத்து மேலே வருகிறது. கறையான் இல்லாமல் இது வளராது. ஆகவே வீட்டில் வளர்க்க வித்து தருகிறேன் என்று யாராவது சொன்னால் பணம் கொடுக்காதீர்கள்.

இதைப் பிடுங்காதீர்கள், தோண்டுங்கள். காம்பின் பக்கத்தில் மண்ணை மெதுவாக விலக்கிக்கொண்டே கீழே போனால், காம்பு முடியாமல் வேர் மாதிரி நீண்டு கறையான் கூட்டை நோக்கி இறங்கும். இதுதான் முதல் அடையாளம். மேலே பிடித்து இழுத்தால் அந்த வால் மண்ணுக்குள்ளேயே அறுந்து நின்றுவிடும். விஷக்காளானாக இருந்தால் அதன் அடியில் இருக்கும் கிண்ணமும் அப்படியே மண்ணில் தங்கிவிடும். பார்க்க வேண்டியதை விட்டுவிட்டு வெறும் குடையோடு வீட்டுக்கு வருவீர்கள்.

குடையின் நடுவில் கூர்மையான முனை இருக்கும், மண்ணைத் துளைத்துவந்த முனை அது. செவுள் முதலில் வெள்ளையாகவும் பிறகு லேசான இளஞ்சிவப்பாகவும் இருக்கும். தூள் பதிவு வெளிறிய இளஞ்சிவப்பு கலந்த நிறத்தில் விழும். காம்பில் வளையம் சில வகைகளில் இருக்கும், சிலவற்றில் இருக்காது. எனவே வளையத்தை வைத்து முடிவுக்கு வராதீர்கள்.

புற்றைச் சுற்றி மண்ணில் சுண்டுவிரல் நுனி அளவில் நூற்றுக்கணக்காகப் பூக்கும் குட்டிக் காளானும் இதே குடும்பம்தான். ஆனால் அதற்கு இந்த நீண்ட வால் இருக்காது, அடையாளமும் குறைவு. கூட வருகிறவர் காட்டிக் கொடுத்தால் மட்டும் எடுங்கள்.

அடையாளம் பார்க்க ஒன்றிரண்டை ஆழமாகத் தோண்டினால் போதும். மற்றவற்றை மண்மட்டத்துக்குச் சற்றுக் கீழே நறுக்கி, ஒவ்வொன்றையும் தனியே திருப்பிப் பார்த்துக் கூடையில் போடுங்கள். நல்ல கூட்டத்தின் நடுவில் வேறு ஒன்று முளைத்திருக்கலாம். தோண்டிய குழியை மூடுங்கள், புற்றை உடைக்காதீர்கள். கூடு பிழைத்தால் அடுத்த மழைக்கும் அதே இடத்தில் வரும். முற்றியது, புழு வைத்தது எல்லாவற்றையும் அங்கேயே விடுங்கள்.

13. விலக்க வேண்டியவை

இரண்டை மனதில் வையுங்கள். முதலாவது, தென்னந்தோப்பிலும் புல்தரையிலும் மழைக்குப் பிறகு பெரிதாக விரியும் வெள்ளைக் குடை. மேலே பழுப்புச் செதில்கள், காம்பில் வளையம். இளசாக இருக்கும்போது செவுள் வெள்ளை, பார்க்க அருமையாக இருக்கும். முற்றினால் செவுள் பச்சை கலந்து வரும், தூள் பதிவு பச்சையாக விழும். சாப்பிட்டால் ஒன்று முதல் மூன்று மணி நேரத்தில் கடுமையான வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரும்.

இரண்டாவது அமானிட்டா குடும்பம். இதில் சில வகைகள் கொல்லும். வெள்ளைச் செவுள், வெள்ளைத் தூள், காம்பில் பாவாடை மாதிரி வளையம், அடியில் முட்டை ஓடு மாதிரியான கிண்ணம். எல்லா அடையாளமும் எல்லாவற்றிலும் தெளிவாக இருக்காது. வேகவைத்தாலும் காயவைத்தாலும் இதன் விஷம் போகாது.

வெள்ளிக் கரண்டி கறுக்கும், பூண்டு நிறம் மாறும், மஞ்சள் போட்டால் தெரியும், பூச்சி தின்றால் மனிதனும் தின்னலாம் என்று சொல்லும் சோதனைகள் அனைத்தும் தவறு. மனிதனைக் கொல்லும் காளானை நத்தையும் புழுவும் நிம்மதியாகத் தின்னும். பெரியவர்கள் சொன்னார்கள் என்பதற்காக இவற்றை நம்பிவிடாதீர்கள்.

14. அடுப்புக்குப் போகுமுன்

வீட்டுக் காளானை ஓட்டையிட்ட பையிலோ காகிதத்தில் சுற்றியோ குளிர்ப்பெட்டியில் இரண்டு மூன்று நாள் வைக்கலாம். கழுவி வைக்காதீர்கள். மிஞ்சினால் வெயிலில் உடைகிற பதத்துக்குக் காயவைத்து டப்பாவில் அடையுங்கள்.

தோப்புக் காளானை அன்றே சமையுங்கள். பச்சையாகவோ அரைவேக்காடாகவோ வேண்டாம். முதல் தடவை சாப்பிடுகிறவர் கொஞ்சமாகச் சாப்பிட்டு ஒரு நாள் காத்திருக்க வேண்டும், நல்ல காளானே சிலர் வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாது. குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் தோப்புக் காளான் தராதீர்கள். ஒவ்வொரு முறையும் சமைக்காத முழுக் காளான் ஒன்றை, அடிக்காம்போடு, காகிதத்தில் சுற்றிக் குளிர்ப்பெட்டியில் இரண்டு மூன்று நாள் வைத்திருங்கள்.

15. சாப்பிட்டபின் உடம்பு சரியில்லாமல் போனால்

எத்தனை மணிக்குச் சாப்பிட்டார், எத்தனை மணிக்கு வாந்தி தொடங்கியது என்று குறித்துக்கொள்ளுங்கள். மருத்துவருக்கு இது மிகவும் முக்கியம். சாப்பிட்டு ஆறு மணி நேரத்துக்கு மேல் கழித்து வாந்தி, பேதி தொடங்கினால் ஈரலைத் தாக்கும் விஷமாக இருக்கலாம். அந்த விஷத்தில் ஒருநாள் போல வாட்டிவிட்டு வயிறு அடங்கும், ஆள் தேறியது போலத் தெரியும். அந்த நேரத்தில் ஈரல் உள்ளே கெட்டுக்கொண்டிருக்கும். வாந்தி நின்றுவிட்டதே என்று வீட்டிலேயே படுக்கவைக்காதீர்கள்.

மோர், எலுமிச்சை, கைவைத்தியம் என்று நேரம் போக்காமல் 108-ஐ அழையுங்கள். விரலை விட்டு வாந்தியெடுக்க வைக்கவும் வேண்டாம். ஈரல், சிறுநீரகச் சோதனை வசதியுள்ள பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுபோகச் சொல்லுங்கள். எடுத்துவைத்த முழுக் காளானையும் மிஞ்சிய குழம்பையும் கூடவே கொண்டு போங்கள். அதே சாப்பாட்டைச் சாப்பிட்ட மற்றவர்களையும், ஒன்றும் செய்யவில்லை என்று அவர்கள் சொன்னாலும், அதே வண்டியில் ஏற்றுங்கள்.